ஆற்றுக்கு அக்கரையில் ஒரு டிஷ்

எண்ணூரில் எந்த மொட்டை மாடியில் ஏறினாலும் வானத்தைப் பார்த்தபடி ஒரு டிஷ் சும்மா நிற்கும். வயர் அறுந்திருக்கும். துணி காயப்போடும் கொடிக்கயிற்றின் ஒரு முனையை அதில் கட்டியிருப்பார்கள். சந்தாவை நிறுத்தியவர்கள் டிஷ்ஷை இறக்க மெனக்கெடுவதில்லை. துருப்பிடித்துத் தானாக விழும்வரை அது அங்கேயே கிடக்கும். அப்படிக் கிடந்த இரண்டு டிஷ்களை வைத்து, கொசஸ்தலையாற்று முகத்துவாரத்துக்குக் குறுக்கே இரண்டரைக் கிலோமீட்டர் தூரத்துக்கு ஒரு வைஃபை இணைப்பு போட்டேன். 2022 பொங்கல் முடிந்து ஆரம்பித்த வேலை, இன்றுவரை ஓடுகிறது. நடுவில் நான் செய்த தவறுகளுக்கு மாதக்கணக்கில் நேரம் போனது. இன்னொருவருக்கு அந்த மாதங்கள் மிச்சமாகட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

நான் கேபிள் லைன்மேனாக இருபது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்தவன். தண்டையார்பேட்டையில் நான் சேர்ந்த கண்ட்ரோல் ரூமின் மாடியில் பன்னிரண்டு அடி அகலத்தில் வலை டிஷ்கள் வரிசையாக நிற்கும். புயல் எச்சரிக்கை வந்தால் அவற்றைக் கம்பி போட்டுக் கட்டுவது எங்கள் வேலை. அதனால் டிஷ் எனக்குப் புதிதல்ல. ஆனால் வானத்திலிருந்து வாங்கிப் பழகிய பொருளைத் தரையோடு தரையாக அனுப்பவும் வாங்கவும் பயன்படுத்தும்போது, தெரிந்த வேலையே புதிதாக மாறிவிடுகிறது.

தேவை எப்படி வந்தது என்றால், என் மச்சானுக்கு ஆற்றுக்கு அக்கரையில், அனல்மின் நிலையம் போகும் பக்கம், ஒரு பட்டறை இருக்கிறது. ஃபைபர் போட்டுகளின் எஞ்சின் ரிப்பேர் செய்கிறான். ஒரு ராத்திரி பூட்டை உடைத்து இரண்டு புரொப்பெல்லரும் செம்புக் கம்பி சுருள்களும் கொண்டுபோய்விட்டார்கள். அதில் ஒன்று வாடிக்கையாளருடையது. கேமரா மாட்டினான். பதிவு செய்யும் பெட்டியைப் பட்டறையிலேயே வைத்தால் அடுத்த தடவை அதையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு போவார்கள். ஃபைபர் லைன் அந்தப் பக்கம் வரவில்லை. சிம் போட்ட ரவுட்டரில் நான்கு கேமராவின் படம் இருபத்து நான்கு மணி நேரமும் போனால் டேட்டா தாங்காது.

“மாமா, ஆத்துக்கு இந்தாண்ட நின்னா உங்க வூட்டு தண்ணித் தொட்டி தெரியுது. ஒயர் இல்லாம எதுனா பண்ண முடியாதா?” என்று கேட்டான்.

அந்தக் கேள்வியிலேயே பாதி விடை இருந்தது. அங்கிருந்து இங்கே கண்ணுக்குத் தெரிகிறது என்பதுதான் இந்த வேலைக்கு முதல் தகுதி. அப்புறம், இன்டர்நெட்டே தேவையில்லை. பட்டறையின் கேமராப் படம் எங்கள் வீட்டில் இருக்கும் பெட்டிக்கு வந்து சேர்ந்தால் போதும். இரண்டு இடங்களுக்கு நடுவே ஒரு நீளமான லேன் வயர் இருப்பதாக நினைத்துக்கொண்டால் சரி. வயருக்குப் பதில் காற்று.

வெறும் ரவுட்டர் எட்டாத தூரத்துக்கு டிஷ் எப்படி எட்டுகிறது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். டிஷ் சக்தியை உண்டாக்குவதில்லை. எல்லாப் பக்கமும் சிதறுவதை ஒரே திசைக்குத் திரட்டுகிறது. வைஃபையின் 2.4 கிகாஹெர்ட்ஸில் அலைநீளம் சுமார் 12.3 சென்டிமீட்டர். 60 சென்டிமீட்டர் டிஷ்ஷில் அது ஏறத்தாழ 20, 21 டெசிபல் ஆதாயம் தரும். நூறு மடங்கு என்று வைத்துக்கொள்ளலாம். இரண்டு முனையிலும் டிஷ் இருந்தால் நூறு தடவை நூறு. ஒளிக்கற்றை மாதிரி அதன் அகலம் சுமார் 14 டிகிரி. அந்த 14 டிகிரிக்கு வெளியே இருக்கும் பக்கத்து வீட்டு ரவுட்டர்களின் இரைச்சலும் பெரும்பாலும் அடங்கிவிடும். நெருக்கமான நம் தெருக்களில் ஆதாயத்தைவிட இது பெரிய லாபம்.

இரண்டு டிஷ்ஷும் திருவொற்றியூரில் ஒரு காயலான் கடையில் கிடைத்தன. ஒன்றின் ஓரத்தில் லேசான நசுங்கல். கடைக்காரர் அதைத் தள்ளிவைத்துவிட்டு வேறு தேடினார், நான் அதையே வாங்கினேன். டிடிஎச் டிஷ்கள் 11, 12 கிகாஹெர்ட்ஸுக்குச் செய்தவை. அந்த அலையின் நீளம் இரண்டரை சென்டிமீட்டர்தான் என்பதால் அங்கே சிறு மேடுபள்ளம்கூடக் கெடுக்கும். நம் அலை அதைப்போல் ஐந்து மடங்கு நீளம், ஏழு எட்டு மில்லிமீட்டர் நசுங்கலைப் பொருட்படுத்தாது. வாங்கும்போது கவனிக்க வேண்டியது பின்பக்கக் கிளாம்பு. அது துருவேறி இறுகிப்போயிருந்தால் டிஷ் எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் விட்டுவிடுங்கள். எல்என்பியை, அதாவது டிஷ்ஷுக்கு முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும், சிக்னலை வாங்கும் கருவியை, தாங்கும் கை வளைந்திருக்கிறதா என்றும் பாருங்கள், ஏனென்றால் டிஷ் திரட்டிய அலை வந்து கூடும் புள்ளியான குவியம் எங்கே என்று சொல்வது அந்தக் கைதான்.

எல்என்பி இந்த வேலைக்கு உதவாது, கழற்றிவிட வேண்டும். அது வேறு அலைவரிசையைக் கேட்கும் காது, அதுவும் ஒருவழிதான். அதன் இடத்தில் நாம் வைஃபைக்கான ஒரு சிறு ஆன்டெனாவை வைக்கிறோம். நான் செய்தது பைகுவாட் என்னும் வகை. 244 மில்லிமீட்டர் செம்புக் கம்பியை, ஒவ்வொரு பக்கமும் முப்பதரை மில்லிமீட்டர் வரும்படி, மூலை தொட்டுக்கொள்ளும் இரண்டு சதுரங்களாக மடிக்க வேண்டும். எட்டு என்ற எண்ணை ஆங்கில முறையில் எழுதிப் படுக்கவைத்த மாதிரி இருக்கும். கம்பிக்கு மச்சானின் பட்டறையில் கிடந்த வைண்டிங் கம்பியே போதுமானதாக இருந்தது, எனாமலை மட்டும் பிளேடால் நன்றாகச் சுரண்டினேன். பின்னால் 12.3 சென்டிமீட்டர் சதுரத்தில் செம்பு பூசிய பிசிபி பலகை, எலெக்ட்ரானிக்ஸ் சர்க்யூட் செய்யப் பயன்படுவது. சென்னையில் எலெக்ட்ரானிக்ஸ் கடைகள் இருக்கும் ரிச்சி தெருவில் கிடைக்கும். பலகைக்கும் கம்பிக்கும் இடைவெளி 15 மில்லிமீட்டர். இந்த இடைவெளியில்தான் பொறுமை வேண்டும். இரண்டு மில்லிமீட்டர் தவறினாலும் ஆன்டெனா சரியாக ஒத்துப்போகாது. கேபிளின் நடுக்கம்பி ஒரு நடுமூலையிலும், வெளிவலை எதிர் நடுமூலையிலும் சால்டர் ஆக வேண்டும்.

எல்என்பியின் கழுத்து பொதுவாக 40 மில்லிமீட்டர். அதே அளவு பிவிசி பைப்பில் பைகுவாடைப் பொருத்தினால் பழைய பிடியிலேயே கச்சிதமாக உட்காரும். எல்என்பியின் வாய் இருந்த இடத்துக்கு நம் கம்பி வர வேண்டும். முகம் டிஷ்ஷைப் பார்க்க வேண்டும், அக்கரையைப் பார்க்கக் கூடாது. மழைக்கு மூடியாக ஒரு பிளாஸ்டிக் டப்பா. எந்தப் பிளாஸ்டிக் என்று சந்தேகம் வந்தால், மைக்ரோவேவ் அடுப்பில் ஒரு டம்ளர் தண்ணீரோடு சேர்த்து அரை நிமிடம் வையுங்கள். டப்பா சூடேறினால் அது அலையைக் குடிக்கிறது என்று பொருள். அடுப்பும் வைஃபையும் ஏறத்தாழ ஒரே அலைவரிசை.

இவ்வளவும் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் முடிந்துவிட்டது. அதற்கு அப்புறம் மூன்று வாரம் ஒரு சிக்னலும் வரவில்லை.

காரணம் ஒன்று, டிஷ்ஷின் சாய்வு. இரண்டு டிஷ்களையும் ஒன்றையொன்று நேருக்கு நேர் பார்க்கும்படி நிமிர்த்தி வைத்திருந்தேன். பார்க்க அழகாக இருந்தது. ஆனால் டிடிஎச் டிஷ் ஆஃப்செட் வகை. அதன் முகம் பார்க்கும் திசை வேறு, அது கேட்கும் திசை வேறு. சென்னையில் 83 டிகிரி கிழக்கில் இருக்கும் செயற்கைக்கோள் அடிவானத்திலிருந்து 74 டிகிரி உயரத்தில் இருக்கிறது, கிட்டத்தட்ட உச்சந்தலையில். ஆனால் நம் மாடி டிஷ்கள் அவ்வளவு மல்லாந்திருப்பதில்லை, பாதி சாய்வாகத்தான் இருக்கின்றன. ஆயிரக்கணக்கான டிஷ்களை என் கையால் திருப்பியிருக்கிறேன். அந்த இருபத்தைந்து டிகிரி வித்தியாசத்தை எப்போதும் மீட்டரைப் பார்த்துச் சரிசெய்தேனே தவிர, ஏன் என்று யோசித்ததில்லை. நான் நிமிர்த்தி வைத்த டிஷ், அக்கரையின் தலைக்கு மேலே ஆகாயத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது.

உங்கள் டிஷ்ஷின் ஆஃப்செட் எத்தனை டிகிரி என்று டேப்பை வைத்தே கண்டுபிடிக்கலாம். டிஷ்ஷின் உயரமும் அகலமும் சமமாக இருக்காது, உயரம் கொஞ்சம் கூடுதல். அகலத்தை உயரத்தால் வகுத்து, போனில் உள்ள கால்குலேட்டரில் அதன் தலைகீழ் கொசைனை (cos⁻¹ என்ற பட்டன்) பாருங்கள். என்னுடையது 60க்கு 66. விடை 24.6 டிகிரி. அப்படியென்றால் டிஷ் அடிவானத்தைப் பார்க்க, அதன் தலை 24.6 டிகிரி முன்னால் குனிய வேண்டும். தூக்குக்குண்டு போதும்: மேல் விளிம்பிலிருந்து நூலைத் தொங்கவிட்டால், நூலுக்கும் கீழ் விளிம்புக்கும் இடையே 27½ சென்டிமீட்டர் வர வேண்டும். பார்ப்பவர்களுக்கு டிஷ் தரையைப் பார்ப்பது போலத்தான் இருக்கும். அக்கம்பக்கத்தில் எத்தனை பேர் வந்து “டிஷ் கவுந்துடுச்சே” என்று சொன்னாலும் நிமிர்த்தாதீர்கள்.

கிளாம்பின் திருகு அவ்வளவு கீழே வராது, அது நம் ஊரில் செயற்கைக்கோள் தெரியும் உயரத்துக்குச் செய்தது. என் பக்கம் ஜிஐ பைப்பின் மேல்முனையை வெட்டி, சாய்வாக ஒரு துண்டை வெல்டிங் செய்தேன். மச்சான் பக்கம் அதைவிட எளிதாக முடிந்தது. டிஷ்ஷையே தொண்ணூறு டிகிரி திருப்பி, கை பக்கவாட்டில் வரும்படி மாட்டினோம். அப்போது சாய்க்க வேண்டியதில்லை, அந்த 24.6 டிகிரியை இடது வலதாகத் திருப்பிச் சரிக்கட்டலாம். அப்படிச் செய்தால் பைகுவாடையும் மறுபடி திருப்பிவைக்க மறக்கக் கூடாது. படுத்த எட்டு செங்குத்து அலையையும், நின்ற எட்டு கிடை அலையையும் அனுப்பும். இரண்டு முனையும் ஒன்றாக இல்லாவிட்டால் நூறில் ஒரு பங்குதான் வந்து சேரும்.

காரணம் இரண்டு, என் பழைய பழக்கம். லைன்மேன் கை எதற்கும் டிவி கேபிளைத்தான் தேடும். மாடியிலிருந்து கீழ் அறை வரை பன்னிரண்டு மீட்டர் ஆர்ஜி 6 இழுத்து, ரவுட்டரைக் கீழே வைத்திருந்தேன். 2.4 கிகாஹெர்ட்ஸில் அந்தக் கேபிள் மீட்டருக்கு அரை டெசிபலுக்குக் கொஞ்சம் குறைவாகத் தின்னும். பன்னிரண்டு மீட்டரில் பாதிக்கு மேல் போய்விடும். அது 75 ஓம், வைஃபை கருவி 50 ஓம், அந்தப் பொருத்தமின்மை வேறு. இப்போது ரவுட்டர் டிஷ்ஷின் முதுகிலேயே ஒரு வாட்டர்புரூஃப் பெட்டிக்குள் இருக்கிறது. ஆன்டெனா வயர் ஒரு முழத்துக்கும் குறைவு. கீழே இறங்குவது லேன் வயர் மட்டும். நூறு மெகாபிட் லேனுக்கு நான்கு கம்பிகள் போதும். மிச்சமிருக்கும் நீல ஜோடியிலும் பழுப்பு ஜோடியிலும் 12 வோல்ட்டை மேலே அனுப்பிவிடலாம்.

இரண்டையும் சரிசெய்துவிட்டு, நான் இந்தக் கரையிலும் மச்சான் அந்தக் கரையிலும் போனைக் காதில் வைத்துக்கொண்டு நின்றோம். அனல்மின் நிலையத்தின் புகைபோக்கிகளை அடையாளமாக வைத்து நான் திசை பிடித்தேன். அவன் முகம் பார்க்கும் கண்ணாடியால் வெயிலை அடித்துக் காட்டினான். ரவுட்டரின் திரையில் சிக்னல் பலம் மைனஸ் 88 என்று வந்தபோது இரண்டு பேரும் சத்தம் போட்டுவிட்டோம். இந்த எண் பூஜ்யத்தை நோக்கி வர வர நல்லது. மெல்லத் திருப்பத் திருப்ப 79 வந்தது, அப்புறம் குறைந்தது. அதுதான் உச்சம் என்று போல்ட்டை முறுக்கிவிட்டோம். அது உச்சம் இல்லை. டிஷ்ஷுக்கு நடுக்கற்றையைத் தவிரப் பக்கத்தில் சிறு கற்றைகளும் உண்டு. நாங்கள் பிடித்தது அதில் ஒன்று. மறுநாள் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை முழுதாக ஒரு சுற்று திருப்பிப் பார்த்தபோதுதான் நடுவில் மைனஸ் 64 கிடைத்தது. ஒரு முனையை முடித்துப் பூட்டிய பிறகே மறுமுனையைத் தொட வேண்டும். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் திருப்பினால் எது கெடுத்தது என்று தெரியாது.

ரவுட்டரில் ஓபன்டபிள்யூஆர்டி என்னும் இலவச மென்பொருளைப் போட்டிருந்தேன். அதில் தூரம் என்று ஒரு கட்டம் இருக்கும், மீட்டரில் எழுத வேண்டும். அலை ஒரு கிலோமீட்டர் போக 3.3 மைக்ரோ வினாடி. போய்த் திரும்பும் பதிலுக்கு ரவுட்டர் காத்திருக்கும் நேரம் வீட்டுக்குள் பயன்படுத்துவதற்காக வைத்தது. அதை நீட்டாவிட்டால், பதில் வந்துகொண்டிருக்கும்போதே வரவில்லை என்று முடிவுகட்டித் திரும்பத் திரும்ப அனுப்பும். சிக்னல் நன்றாக இருந்தும் வேகம் இல்லை என்றால் முதலில் இந்தக் கட்டத்தைப் பாருங்கள். 3000 என்று எழுதியதும் நான்கு கேமராவும் தடையில்லாமல் ஓடின.

நான்கு நாள் ஓடின. ஐந்தாம் நாள் காலை மச்சான் போன் செய்தான்.

“மாமா, படம் நின்னு நின்னு வருது.”

நான் மாடிக்குப் போய்ப் பார்ப்பதற்குள் சரியாகிவிட்டது. ராத்திரி மறுபடி நின்றது. அடுத்த நாளும் இரண்டு தடவை. வெயில் சூடு என்று நினைத்துப் பெட்டிக்கு நிழல் கட்டினேன். துறைமுகத்துக்குப் போகும் கப்பலின் ரேடாரோ என்று நினைத்தேன். கனெக்டரைப் பிரித்து மறுபடி சால்டர் செய்தேன். சேனலை 1, 6, 11 என்று மாற்றினேன். எதுவும் உதவவில்லை. கடைசியில் படம் நிற்கும் நேரத்தையெல்லாம் கணக்கு நோட்டில் எழுதும்படி மச்சானிடம் சொன்னேன். பத்து நாள் எழுதினான். அதைப் பார்த்துக்கொண்டு வாசல் திண்ணையில் உட்கார்ந்திருந்தபோது, பக்கத்து வீட்டுத் தாத்தா வந்தார். அறுபது வருஷம் இந்த ஆற்றிலும் கடலிலும் வலை போட்டவர். என்ன என்று கேட்டார். தேதியும் நேரமும் படித்துக் காட்டினேன்.

“நாளுக்கு முக்கால் மணி, ஒரு மணி தள்ளித் தள்ளி வருதா? ரெண்டு வேளையா? அது ஏத்தத் தண்ணி நேரம்பா. அமாவாசைக்கு ரொம்பத் தொல்லை குடுத்திருக்குமே?”

நோட்டைப் பார்த்தேன். அமாவாசையை ஒட்டிய மூன்று நாளில்தான் அதிகமாக எழுதிவைத்திருந்தான்.

ஏற்றம் என்றால் கடல் ஏறி ஆற்று முகத்தில் தண்ணீர் உயரும் நேரம், வற்றம் என்றால் அது இறங்கும் நேரம். அந்த ஒரு வார்த்தைக்குப் பிறகு மிச்சத்தைக் கணக்குப் போட்டுப் பார்க்க முடிந்தது. என் டிஷ்ஷிலிருந்து அலை இரண்டு வழியில் போகிறது. ஒன்று நேர்வழி. இன்னொன்று நடுவில் ஆற்றுத் தண்ணீரில் பட்டுத் தெறித்துப் போகும் வழி. தெறிக்கும் கோணம் அரை டிகிரிதான் என்பதால் 14 டிகிரி கற்றைக்கு அதைப் பிரித்தறிய முடியாது, இரண்டையும் வாங்கிக்கொள்ளும். இரண்டு பாதைக்கும் நீள வித்தியாசம் எவ்வளவு என்பதற்கு எளிய சூத்திரம் உண்டு: இரண்டு டிஷ்களின் உயரங்களைப் பெருக்கி, இரண்டால் பெருக்கி, தூரத்தால் வகுக்க வேண்டும். ஏற்ற நேரத்தில் தண்ணீர் மட்டத்திலிருந்து என் டிஷ் 14.5 மீட்டர், மச்சானுடையது 11 மீட்டர், தூரம் 2500 மீட்டர். விடை 12.8 சென்டிமீட்டர். நம் அலைநீளம் 12.3. அதாவது ஏறக்குறைய முழுசாக ஓர் அலை. தண்ணீரில் தெறிக்கும்போது அலை தலைகீழாகப் புரண்டுவிடும். ஆக, நேர்வழியில் மேடு வரும்போது தெறித்த வழியில் பள்ளம் வருகிறது. ஒன்றை ஒன்று அழித்துக்கொள்கின்றன. தண்ணீர் இரண்டு அடி வற்றினால் வித்தியாசம் 14 சென்டிமீட்டராகி அந்தப் பொருத்தம் குலைந்துவிடும், படம் திரும்ப வரும். ஏற்றத்தில் மைனஸ் 76, வற்றத்தில் மைனஸ் 64 என்று நான் அளந்தது கணக்கோடு ஒத்துப்போனது.

உயரமாக வைத்தால் நல்லது என்றுதான் கேபிள் தொழிலில் எல்லோரும் சொல்வோம். தண்ணீருக்குக் குறுக்கே போகும் இணைப்பில் அந்தப் பேச்சை நம்பக் கூடாது. நான் டிஷ்ஷைத் தண்ணித் தொட்டி மேலிருந்து இறக்கி, முதல் மாடி சன்ஷேடு மேல், தண்ணீரிலிருந்து 8 மீட்டர் உயரத்தில் மாட்டினேன். பாதை வித்தியாசம் 7 சென்டிமீட்டர். அரை அலையை ஒட்டி வருவதால் இப்போது இரண்டும் ஒன்றுக்கொன்று கைகொடுக்கின்றன. மைனஸ் 57 வந்தது. ஏற்றத்திலும் வற்றத்திலும் ஒன்றிரண்டு புள்ளி மட்டுமே ஆடுகிறது.

இறக்குவதற்கும் எல்லை உண்டு. இரண்டு டிஷ்ஷுக்கும் நடுவே கண்ணுக்குத் தெரியும் கோடு மட்டும் காலியாக இருந்தால் போதாது. கோட்டைச் சுற்றி, நடுவில் பருத்த வாழைத்தண்டு மாதிரி ஓர் இடம் காலியாக இருக்க வேண்டும். ஃபிரெனெல் மண்டலம் என்பார்கள். இரண்டரைக் கிலோமீட்டருக்கு நடுவில் அதன் ஆரம் எட்டே முக்கால் மீட்டர், அதில் அறுபது சதவீதமாவது தடையில்லாமல் இருக்க வேண்டும். எங்கள் கோடு நடு ஆற்றில் ஒன்பதரை மீட்டர் உயரத்தில் போகிறது, எதிரே மரமோ வீடோ இல்லை. நிலத்தின் மேல் போகும் இணைப்பில் இந்த வசதி கிடைக்காது. அங்கே உயரம்தான் வேண்டும். வியாசர்பாடியிலோ கொருக்குப்பேட்டையிலோ இதைச் செய்பவர் நடுவில் எழும்பப்போகும் மாடிகளையும் இப்போதே கணக்கில் சேர்க்க வேண்டும்.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையை உரிமம் இல்லாமல் பயன்படுத்த 2005ல் மத்திய அரசு விதி வந்தது. ஆன்டெனாவின் ஆதாயத்தையும் சேர்த்து 4 வாட், அதாவது சக்தியை டெசிபலில் சொல்லும் கணக்கில் 36 டிபிஎம், தாண்டக் கூடாது. ஆன்டெனா கட்டடக் கூரைக்கு மேல் 5 மீட்டருக்குள் இருக்க வேண்டும். டிஷ் 21 டெசிபல் தருகிறது என்றால், ரவுட்டரை 15 டிபிஎம்முக்கு, ஏறத்தாழ 30 மில்லிவாட்டுக்கு, இறக்கிவைக்க வேண்டும். பலர் இதை விட்டுவிடுகிறார்கள். நமக்குக் கிடைத்த காற்று அக்கம்பக்கத்தாருக்கும் சேர்த்துக் கிடைத்தது. அதிகம் கத்தினால் அவர்கள் வீட்டு வைஃபை கெடும். எங்கள் இணைப்புக்கு 15 தாராளமாகப் போதும். அதேபோல் இந்த வழியில் இன்டர்நெட்டை எடுத்துப்போய் மற்றவர்களுக்குக் காசுக்கு விற்க உரிமம் வேண்டும். நமக்குச் சொந்தமான இரண்டு இடங்களை இணைப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

இந்த ஊரில் டிஷ்ஷுக்கு முதல் எதிரி உப்பு. எட்டாவது மாதம் கனெக்டர் பச்சை பிடித்தது. கடல் காற்றை மட்டும் குற்றம் சொல்வதற்கில்லை, நான் பூசிய சிலிகானும் காரணம். வினிகர் வாசனை அடிக்கும் சிலிகான் காயும்போது அமிலத்தை விடும். அது செம்பைத் தின்றுவிடும். வாசனை இல்லாத நியூட்ரல் வகையை வாங்குங்கள். அதற்கு முன், தன்னோடு தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப்பை இழுத்துச் சுற்றுங்கள். போல்ட்டுகளுக்கு போட்டில் போடும் 316 ஸ்டெயின்லெஸ். டிஷ்ஷின் வெட்டுமுனைகளில் ரெட் ஆக்சைடு இரண்டு கோட்டிங். லேன் வயர் பெட்டிக்குள் நுழையும் முன் ஒரு தொங்கல் விட்டுவிட்டால் மழைத்தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும், உள்ளே ஏறாது.

காற்றை நான் குறைத்து மதிப்பிட்டிருந்தேன். மணிக்கு நூறு கிலோமீட்டர் காற்றில் 60 சென்டிமீட்டர் டிஷ் மேல் பதினைந்து கிலோவுக்கு மேல் பாரம் விழும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது என் பக்கம் தாங்கியது, மச்சான் பக்கம் கிளாம்பு பைப்பைச் சுற்றிக் கொஞ்சம் திரும்பிவிட்டது. வெள்ளத்தோடு எண்ணெயும் கலந்து முகத்துவாரமெல்லாம் கருப்பாகப் படிந்த நாட்கள் அவை. போட்டுகளும் வலைகளும் கெட்டுக் கிடந்தபோது டிஷ்ஷைப் பற்றிப் பேச யாருக்கும் மனமில்லை. இரண்டு வாரம் கழித்துத்தான் சரிசெய்தோம். இப்போது திசை பிடித்து முடித்ததும் கிளாம்பையும் பைப்பையும் சேர்த்துத் துளைபோட்டு ஒரு போல்ட் குறுக்கே விட்டுவிடுகிறோம். பைப்பில் பெயிண்டால் ஒரு கோடும் இழுத்திருக்கிறோம், நகர்ந்தால் தூரத்திலிருந்தே தெரியும்.

தேனியில் அரவிந்த் கண் மருத்துவமனை கிராமத்துக் கண் பரிசோதனை மையங்களைத் தன்னோடு இணைக்க, பெர்க்லி பல்கலைக்கழக ஆய்வாளர்களோடு சேர்ந்து இதே வைஃபையைத்தான் பல கிலோமீட்டருக்கு நீட்டியது. கிராமத்தில் உட்கார்ந்திருக்கும் நோயாளியோடு டாக்டர் திரையில் பேசினார். அங்கே அலையைவிட அதிகத் தொல்லை கொடுத்தது மோசமான மின்சாரம் என்று அந்த ஆய்வாளர்கள் எழுதியிருக்கிறார்கள். எனக்கும் அதே அனுபவம். கரண்ட் போய்த் திரும்பும்போது வரும் எகிறலில் இரண்டு அடாப்டரும் ஒரு ரவுட்டரும் போயின. இப்போது இரண்டு பக்கமும் 12 வோல்ட் பேட்டரி வழியாகத்தான் கரண்ட் போகிறது. பைப்புக்குத் தனி எர்த் கம்பியும் இறக்கியிருக்கிறேன். 2007ல் வெனிசுலாவில் எர்மன்னோ பியெத்ரோசெமோலி என்பவரின் குழு இரண்டு மலை உச்சிகளுக்கு இடையே 382 கிலோமீட்டருக்கு வைஃபை இணைப்பு கொடுத்திருக்கிறது. அதைப் படித்த பிறகு தூரம் எனக்குப் பயமாக இல்லை. பேட்டரியின் டெர்மினலைத்தான் மாதாமாதம் பார்க்கிறேன்.

இதையெல்லாம் படித்துவிட்டு, கடையில் கிடைக்கும் வெளிப்புற வைஃபை கருவியை ஜோடியாக வாங்கிவிடலாமே என்று ஒருவர் கேட்கலாம். கேட்பது சரிதான். இரண்டரைக் கிலோமீட்டருக்கு அதுவே போதும், அவசரத் தேவை என்றால் அதையே வாங்குங்கள். அதில் சிறிய வகைகள் அறுபது டிகிரி அளவுக்குக் கற்றை விடும். அதையே எல்என்பி இருந்த இடத்தில் டிஷ்ஷைப் பார்க்கக் கட்டினால் பைகுவாட் செய்யும் வேலை மிச்சம். கருவி ஏற்கெனவே மழைக்குத் தாங்கும், லேன் வயரிலேயே கரண்ட் எடுக்கும். இன்று புதிதாக ஆரம்பித்தால் நான் அப்படித்தான் செய்வேன். ஆனால் அந்தச் சின்னக் கருவிக்குப் பின்னால் டிஷ் இருக்க வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஒவ்வொரு வீட்டிலும் இரண்டு ரவுட்டர் கத்திக்கொண்டிருக்கும் தெருவில் குறுகிய கற்றைக்கு ஈடு எதுவும் இல்லை. அந்தக் கற்றையைத் தரும் தகடு நம் மாடியிலேயே துருப்பிடித்துக்கொண்டிருக்கிறது.

போன மாதம் மச்சான் பக்கத்துப் பைகுவாடைக் கழற்றிப் பார்த்தேன். டப்பாவின் மூடியில் சாம்பல் தூசி படிந்திருந்தது, கம்பி புதிது போல இருந்தது. கிளாம்பின் ஒரு போல்ட் மட்டும் சாதாரண இரும்பு. வேலை முடிக்கும் அவசரத்தில் போட்டது, பாதி தின்றுபோயிருக்கிறது. ஐப்பசி மழைக்கு முன் மாற்ற வேண்டும். தாத்தாவிடம் கேட்டுவிட்டேன், அடுத்த சனிக்கிழமை காலை வற்றமாம். படகில் அக்கரைக்குப் போய்வரத் தோதாக இருக்கும்.